மூன்று குருவித் தோரணம்

கிறிஸ்மஸுக்குப் பால் ஸ்டோரை அலங்கரிப்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்னால், வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலேயே பிடிக்காது. ரப்பர் பாலைக் கொண்டுவந்து கொட்டி, உறைய வைத்து, மிஷினில் கொடுத்துச் சீட்டாக இழுக்கிற இடம் அது. புளித்த பாலின் நாற்றம் சேலையில் ஏறினால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்த நாற்றத்துக்கு நடுவே வண்ணக் காகிதம் எதற்கு, துரையைக் காக்கா பிடிக்கத்தானே என்று வாய்விட்டே சொல்லுவேன். பெண்கள் சிரிப்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி முறைப்பார்.

எங்களோடு சீட்டு இழுத்த அக்கா ஒருத்தி மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் வேதக்காரி. மலாயாவில் லாபு பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் மாதாவைக் கும்பிட்ட குடும்பம் அவளுடையது ஒன்றுதான். காகிதம் ஒட்டுவதெல்லாம் கிராணியின் ஏற்பாடு. ஸ்டோர் வாசலுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னிக் கட்டுவது அக்காவின் புருஷன். மாரியம்மன் திருவிழாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "எந்தச் சாமி வாசலா இருந்தா என்ன, ஓலை ஒண்ணுதானேலா" என்பார். அவர் பின்னிய குருவிகளைப் பார்த்தால் என் வாயும் அடங்கிவிடும்.

ஓலையை மடித்துச் செருகும்போது குருவி உட்கார்ந்தது போல ஓர் உருவம் வரும். நல்ல காரியத்துக்கு ஒரு தோரணத்தில் நாலு குருவி. சாவு வீட்டுக்கு மூன்று. நாங்கள் குடியிருந்த லயத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். வாசலைப் பார்த்ததுமே, சிரித்துக்கொண்டு உள்ளே போவதா தலையைக் குனிந்துகொண்டு போவதா என்று தெரிந்துகொள்வோம்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். ஒருநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்காக வரிசையாக நின்ற ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் ரோடு போடக் கொண்டுபோனார்கள். அக்காவின் புருஷனும் போனார். அவள் லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள். "அழாதடி, கிறிஸ்மஸுக்குத் தோரணம் கட்ட வந்துருவேன்" என்று அவர் கத்தியது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் சாவுக்குக் குறைவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. காலில் புண் வந்தால் எலும்பு வரைக்கும் போகும். செத்தவர்மேல் போர்த்தக் கோடித் துணி இல்லை, ஊதுவத்தி இல்லை. ஓலைக்கு மட்டும் பஞ்சமில்லை. பின்னத் தெரிந்த ஆண்கள் இல்லாததால், புருஷனிடம் கற்றுக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். யார் வீட்டுச் சாவு என்றாலும் அவள்தான் தோரணம் பின்னினாள். பின்னிக் கொடுத்துவிட்டு வந்து சீட்டு இழுப்பாள். என் பிள்ளைக்கும் அவள்தான் பின்னினாள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

கிறிஸ்மஸ் நெருங்கியது. ஸ்டோர் வாசலில் தோரணம் கட்டவேண்டும் என்று அக்கா கிராணியிடம் போய் நின்றாள். "வெள்ளைக்காரன் பண்டிகைன்னு ஜப்பான்காரன் நெனச்சா என் தலதான் போகும்" என்றார். பெண்களில் சிலருக்குப் பயம். மற்றவர்களுக்குக் கோபம், குடிக்கக் கஞ்சியில்லாத நேரத்தில் வேலை செய்கிற இடத்துக்கு என்ன சிங்காரம் என்றார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டது நான்தான்.

"துரைதான் ஓடிட்டானே, இன்னும் யாருக்குக்கா கட்டுற?"

"துரைக்கா கட்டுறேன்? அவரு வர்றப்ப வாசலு வெறுமனே இருக்கக் கூடாது."

நான் திரும்பி மிஷின் பக்கம் போனேன். கடைசியில் கிராணியும் ஜப்பான் மேனேஜரிடம் போய், இது கூலியாட்களின் வழக்கம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அந்த ஆள் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

கிறிஸ்மஸ் அன்று, பால் வருவதற்கு முன்னால், அக்கா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பின்னினாள். வாய்க்குள் ஏதோ மாதா பாட்டு. லாரி போன நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை. கண் ஓலையில் இல்லை, ரோட்டில் இருந்தது. கை தானாக ஓடியது. நான் உள்ளே மிஷினைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, வாசல் நீளத்துக்கும் கட்டி முடித்தாள்.

அவள் இறங்கவும், தோளில் பால் வாளிகளோடு கீழ் லயத்துப் பெண் ஒருத்தி வந்து சேரவும் சரியாக இருந்தது. வந்தவள் வாசலைப் பார்த்து நின்றாள். வாளிகளை மெதுவாகக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"யாரு போயிட்டாங்கக்கா?"

நான் ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தேன். எல்லாத் தோரணத்திலும் மூன்று குருவி.

"வாயைக் கழுவுடி" என்று அவள்மேல் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? கண்ணில் பட்டதைத்தான் கேட்டாள்.

அக்கா மேலே பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பிறகு குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"பழக்க தோஷம்க்கா. இத்தன சாவுக்குப் பின்னுன கை, வேற ஒண்ணுமில்ல. இப்பவே அவுத்துடலாம்" என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"அவுக்காத. என் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாலோடு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வாளியை வைத்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் கட்டிக்கொண்டு அழுவது போலவே அழுதோம். எனக்கு என் பிள்ளைக்காகவும் அழ வேண்டியிருந்தது. வாளிகளில் பால் உறைந்து வீணாயிற்று. கிராணி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சண்டை முடிந்து, சயாமில் தப்பியவர்கள் லாபு ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவள் போகவில்லை. நான்தான் போனேன். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை.

மறுபடி ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கிறிஸ்மஸும் வந்தது. ஸ்டோரை அலங்கரிக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், அக்கா மறுக்காமல் உட்கார்ந்து பின்னினாள். முடித்த ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நாலு குருவி. பிறகு எழுந்து, மொத்தத்தையும் அள்ளி என் கையில் கொடுத்தாள்.

"நீ கட்டு. நான் கட்டுன வாசலுக்கு ஆளு வராது."

கிறிஸ்மஸ் அலங்காரம் என்றாலே முகம் சுளித்த நான்தான் அன்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். அந்த ஸ்டோரில் நான் வேலை செய்த வரைக்கும், வருஷா வருஷம் அவள் பின்னித் தருவாள், நான் கட்டுவேன்.