பின் இருக்கையின் ரீங்காரம்

1989 ஆகஸ்டு 12, சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. நான் தங்கிப் படித்த விடுதியின் வாசலில் யாரோ பழைய காரின் சாவியைத் திருப்பினார்கள். இயந்திரம் உறுமுமுன் இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டது.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலை நினைவில் விரிந்தது. சின்னம்மா தாதி வேலை நேர்காணலுக்கு எட்டு மணிக்குள் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். தோட்டத்துத் துரையிடம் அப்பா விலைக்கு வாங்கிய பழைய கார் கிளம்பவில்லை. லயத்து வீடுகளின் ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பேட்டரி போச்சுலா."

"ஸ்டார்ட்டர்தான் சுத்துதே! பெட்ரோல் ஊத்துனியா, தண்ணி ஊத்துனியா?"

அம்மா மெதுவாகச் சொன்னார்: "சாவி திருப்புனதும் பின்சீட்டுக்குக் கீழ வண்டு மாதிரி சத்தம் வருமுங்க. இன்னிக்கு வரல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பின்சீட்டுக்குக் கீழே இருந்து இயந்திரத்துக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் ஃபியூஸைக் கழற்றினார், கருகியிருந்தது. ஹார்னின் ஃபியூஸை எடுத்து அதில் பொருத்தினார். வண்டு முனகியது, கார் கிளம்பியது.

செம்மண் தூசியில் தலையை நீட்டி, கோலசிலாங்கூர் வரை அண்ணனும் நானுமே "பீப்! பீப்!" என்று ஹார்ன் ஆனோம். எங்கள் தொண்டை கட்டியது. சின்னம்மாவுக்கு வேலை கிடைத்தது.

விடுதி வாசலில் ரீங்காரம் கேட்ட மறுநாள் காலை ஊருக்குப் போனேன். சந்தைக்குப் புறப்பட்ட அதே காரின் பின்சீட்டில் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்தேன். அப்பா சாவியைப் பாதி திருப்பி, வழக்கம்போல் பின்னால் பார்த்துக் கேட்டார்: "வந்துருச்சா?"

அம்மாவுக்கு முந்தி நான் சொன்னேன்: "வந்துருச்சுப்பா."