கதவு பொருத்துபவரின் பை

ரயிலில் சந்தித்த ஒருவரைப் பற்றி என் கணவரிடம் முழுவதையும் சொல்லியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஓர் அமெரிக்க கார் கம்பெனியின் இங்குள்ள ஆலையில் கதவு பொருத்துகிறார். ஒரு காலத்தில் பாதி ஊர் அங்கேதான் வேலை செய்ததாம். பிறகு விற்பனை விழுந்து, ஆலையை மூடி, எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது மின்சாரக் கார்களுக்காகத் திறந்து, அவரையும் திரும்ப அழைத்திருக்கிறார்கள். அதே ஆலையில்தான் என் கணவருக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

"நம்பி வரலாமா அண்ணா? கைக்குழந்தை இருக்கு, அதான் கேக்கறேன்."

"ஓம் தங்கச்சி, பயப்பிடாமல் வரச் சொல்லுங்கோ. இப்ப நல்லாப் போகுது."

அவர் மடியிலிருந்த பையில் வேலைக்குப் போடும் ஷூ, துண்டு, தேநீர்க் கோப்பை எல்லாம் இருந்தன.

"அங்க லாக்கர் இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் ஒண்டையும் விட்டிட்டு வாறேல்லை. முந்தி மூடேக்க சாமான் எடுக்கவும் உள்ள விடேல்லை. மனுசி தந்த கோப்பையும் போச்சு. இண்டைக்கும் ஏச்சுத்தான்." மனைவியிடம் வாங்கும் திட்டைச் சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்ன நல்ல வார்த்தையைக் கணவரிடம் சொன்னேன். பையைப் பற்றிச் சொல்லவில்லை. கணவர் அத்தனை மகிழ்ச்சியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் அதற்குள் சொல்லிவிடுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.