கோவிந்தம்மாளின் கடைசி அடி

சேதி சொன்னவர் லால்பேட்டை ஜவுளி வியாபாரி அமீது பாய். போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நம்ம கோயிந்தம்மா மவுத்தாயிட்டாங்க. அடக்கமும் முடிஞ்சிட்டுதாம்" என்றார்.

சிதம்பரம் பக்கத்து நடவு வயல்களில் கோவிந்தம்மாளின் பாட்டு தெரியாதவர்கள் கிடையாது. நான் அதைக் கேட்டது தற்செயலாக. வெள்ளாற்றுக் கரையில் பஸ் பழுதாகி நின்றபோது வயலிலிருந்து ஒரு குரல் வந்தது. மணியக்காரர் குடையையும் மருமகள் கோபத்தையும் ஒரே அடியில் வைத்துப் பாடியது. சிரித்தேன். அடுத்த அடியில் சிரிப்பு நின்று, பஸ்ஸை விட்டு வயலுக்கு இறங்கினேன். டிரான்சிஸ்டர் வாங்க ஏங்கிக்கொண்டிருந்தவன், அன்றோடு அதை மறந்தேன்.

ஞாயிறுதோறும் நோட்டுடன் போய் வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். எந்தப் பாட்டும் பாதியில் நிற்பதுபோல் பட்டது. தமிழாசிரியன் என்ற திமிர் வேறு. பாமரப் பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். புத்தகம் வந்தது. ஒவ்வொரு பாட்டின் கீழும், 'இயற்றியவர் பெயர் தெரியவில்லை.'

படித்துவிட்டு அமீது பாய் கொதித்துப்போனார். "என்னா சார் அநியாயம்? அத்தினியும் அவுங்க கட்டுன பாட்டு. கடைசி அடியில பேரு வருமே!"

"எனக்கு அதைப் பாடலியே பாய்?"

"உங்க வூட்ல அவுங்க சாப்ட்டிருக்காங்களா?"

தன்னை உட்காரவைத்துச் சோறு போட்டவர்களுக்குத்தான் அந்த அடியைப் பாடுவது கோவிந்தம்மாளின் வழக்கமாம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருந்தார். வாசலில் நிற்கவைத்து, தனித் தம்ளரில் காப்பி கொடுத்தோம். சீ, என்ன பிறவி நான்! இதை எழுதும்போதும் கூசுகிறது.

கோவிந்தம்மாளிடம் ஓடினேன். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க பாட்டத்தான கேட்டீங்க? யாரு கட்டுனதுன்னு கேக்கலியே சார்" என்று சிரித்தார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அரிசி கிடைக்காத வருஷம் அது. என் மனைவி கூடத்தில் இலை போட்டு, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "கொழம்புல உப்பு ஜாஸ்திம்மா" என்றார். கை கழுவிவந்து பாடினார்:

நட்டவ பேரு நாத்துக்குத் தெரியும்
கட்டுன பேரு காத்துக்குத் தெரியும்
கேட்டவங்க சொல்லுங்க கோயிந்தம்மா பாட்டுன்னு.

கையிலிருந்த படிகளில் அப்போதே அவர் பெயரை எழுதிக் காட்டினேன். எழுத்தறியாத அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோ சின்னதாவா இருக்குறன்?" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று அடிகளும் இந்தக் கேள்வியும். விற்றுப்போன படிகள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அவற்றில் நான் அச்சிட்டது பொய். அந்த வரியை அடித்துவிட்டு, கோவிந்தம்மாள் என்று எழுதுங்கள். பெரிதாக எழுதுங்கள்.