பச்சை நாரால் நான் தேய்த்த தகடு

எங்கள் வீட்டில் இப்போது கடையில் விற்கும் அந்தச் சொரசொரப்பான பச்சை நார் கிடையாது. பாத்திரத்துக்குத் தேங்காய் நார்தான். "அக்கா, சோப்பு வாங்கினா இது ஃப்ரீ" என்று கடைக்காரர் நீட்டினால்கூட, சூடு பட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்கிறேன். என் மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சிரிக்கலாம். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நான்தான் இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன். திட்டும்போதே சிரிப்பும் வந்துவிடுகிறது.

மகள் அப்போது சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைத் தெளிய வைக்கும் ஒரு தொட்டிதான் அவளுடைய ப்ராஜெக்ட். மீன் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனையில் பழுப்புத் தண்ணீரை ஊற்றினால் மணல், கரி, இன்னும் என்னென்னவோ அடுக்குகளைத் தாண்டி மறுமுனையில் தெளிந்து வந்து நிற்கும். அந்த முனையின் பின்பக்கப் பலகையில், கண் ஆஸ்பத்திரியில் மாட்டியிருப்பார்களே, அதுபோல் பெரிதும் சிறிதுமாக மூன்று வரி எழுத்து ஒட்டியிருந்தாள். முன்பக்கம் முழுக்க ஒரே தகடு, பளிங்கு மாதிரி. அதன் வழியாகப் பார்த்தால், தண்ணீரைத் தாண்டி அந்த எழுத்து தெரிய வேண்டும். தெரிந்தால் பாஸ். அவ்வளவுதான் கணக்கு.

முதல் தடவை அவள் போட்டிருந்தது யாரோ சீனியர் விட்டுப் போன பழைய தகடு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்த்து, "ஒண்ணும் தெரியலியேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், ஒரே ஒரு வாய்ப்பு. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அதற்காகப் புதுத் தகடு வாங்கி, அளவு வெட்டி, எட்டு ஸ்க்ரூ போட்டு மாட்டும்படி செய்துகொண்டாள். வெள்ளிக்கிழமை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்தாள். அதில் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு படிந்திருந்தது.

சனிக்கிழமை காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு லீவு. கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது. பதினெட்டு வருடமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பினிஷிங் செக்கர் நான். ஷூவின் மூக்கில் முடியளவு கீறல் இருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட கண்ணுக்கு அந்தப் பழுப்புக் கோடு பொறுக்குமா? பச்சை நாரையும் பாத்திர சோப்பையும் எடுத்தேன். தேய்த்தேன். முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் தேய்த்தேன். அரைகுறையாக எதையும் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசியதும் தகடு அப்படியே மின்னியது. எனக்கு ஒரே பெருமை. வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

காபியோடு திரும்பி வந்தபோது தகட்டைக் காணோம். அதன் இடத்தில் மார்கழிப் பனியைச் சதுரமாக வெட்டி யாரோ சாய்த்து வைத்திருந்தார்கள்.

மகள் எழுந்து வந்தாள். தகட்டைப் பார்த்தாள். என் கையில் இருந்த காபியைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த பச்சை நாரைப் பார்த்தாள்.

"ம்மா. இன்னாம்மா பண்ணி வச்சிருக்கே?"

"கண்ணாடின்னு நினைச்சேன்டி."

"கண்ணாடியாம்மா இது? பிளாஸ்டிக்கும்மா! அக்ரிலிக்! நார் பட்டா கீறிடும்!"

சத்தம் கேட்டு வெளியே வந்த என் கணவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுபவர், எதையும் எடையை வைத்துத்தான் பேசுவார். "இவ்ளோ பெரிய கண்ணாடின்னா உன்னால ஒத்தை ஆளா திருப்பிப் போட்டிருக்க முடியுமா? அதைக்கூட யோசிக்கலியா?"

யோசிக்கவில்லை. அன்றைக்கு யோசனை எல்லாம் தாமதமாகத்தான் வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது எங்கள் கம்பெனி வைத்தியம். ஷூவில் மெல்லிய கீறல் என்றால் நிறமில்லாத க்ரீமை வைத்து அடைத்துத் துணியால் தேய்ப்போம், கீறல் போன இடம் தெரியாது. என் வேலைப் பையிலிருந்து அந்த க்ரீமை எடுத்து ஒரு மூலையில் தேய்த்தேன். பனி விலகியது! "பாத்தியாடி?" என்று குதித்தேன்.

"தண்ணி ஊத்தினா க்ரீம் மேல மிதக்கும்மா. கழிவுநீரைச் சுத்தம் பண்ற தொட்டியில எண்ணெய் மிதக்குது, அதான் என் ப்ராஜெக்ட்டா?"

துடைத்தேன்.

அடுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு மூன்று பேரும் ஓடினோம். பட்டறைக்காரர் ஒரு காரின் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கணவர், "தின்னர் ஊத்தித் துடைச்சா போய்டுமா பாய்?" என்றார்.

"ஐயோ, தின்னர் கிட்டயே கொண்டு போவாதீங்க! சிலந்தி வலை மாதிரி விரிசல் வுட்டுடும். அப்புறம் பேஜாராய்டும்." தகட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். "அக்கா, இன்னா போட்டுத் தேச்சீங்க?"

சொன்னேன்.

"ரெண்டு பக்கமுமா?"

தலையாட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பி ஒரு கட்டு வாட்டர் பேப்பர் எடுத்தார். உப்புத்தாள்தான், ஆனால் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. சொரசொரப்பு கம்மியாகிக்கொண்டே போகும்படி மூன்று நம்பர் தந்தார். "சோப்புத் தண்ணி வுட்டுக்கினே இருங்க. ஜாஸ்தி அழுத்தாதீங்க. மொத பேப்பர் நீட்டுவாக்குல, அடுத்தது குறுக்கால. முன்னாடி பேப்பர் போட்ட கோடு மறையற வரைக்கும் அடுத்ததைத் தொடாதீங்க. கோடு இருக்கிற எடத்தை மட்டும் தேச்சா பள்ளம் வுழும், எழுத்து நெளியும். முழுத் தகடும் தேய்க்கணும். கடைசியா பாலீஷ் போடற இந்த காம்பவுண்டு, பனியன் துணியில வச்சு." கையில் ஒரு டப்பாவைத் திணித்துவிட்டுக் கதவுக்குத் திரும்பினார். "ரெண்டு பக்கமும் இன்னிக்கு முடியாதுக்கா. ஒண்ணு முடிஞ்சாலே பெரிசு."

எந்தப் பக்கத்தை முதலில் செய்வது என்று யாரும் விவாதிக்கவில்லை. மேலே எந்தப் பக்கம் இருந்ததோ அதைத் தேய்க்க ஆரம்பித்தோம். அது வெளிப்பக்கம்.

இனி நடந்ததை நினைத்தால்தான் சிரிப்பு. வாட்டர் பேப்பரில் தேய்க்கும்போது தகடு ஈரமாக இருக்குமா, அப்படியே கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும். "போய்டுச்சும்மா!" என்று மகள் கத்துவாள். நானும் கத்துவேன். துடைப்போம். காயும். பனி வந்து உட்காரும். மறுபடியும் தேய்ப்போம், "போய்டுச்சு!" என்போம், காயும், பனி. எத்தனையோ தடவை இப்படி ஏமாந்தோம். ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே நம்பினோம். ஒரு கட்டத்தில் என் கணவர், "போய்டுச்சு, வந்துடுச்சு, போய்டுச்சு, வந்துடுச்சு. கரண்டா இது?" என்றார். அதைக் கேட்டு மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அழவேண்டிய நேரத்தில் வருகிற சிரிப்பு, நிற்காது. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் முழங்கைவரை சோப்பு நுரையோடு, எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவர் தயிர்சாதம் பிசைந்துவந்து எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று ஊட்டினார். "ஊறுகாய்?" என்றாள் அவள். "தகட்டுல வுழும், சும்மா துன்னு" என்றார்.

மூன்றாவது பேப்பரும் முடிந்து, காம்பவுண்டைப் பனியன் துணியில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தோம். அது என் கம்பெனிக் கை. அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளிப்பக்கம் பளபளத்தது. காய்ந்த பிறகும் பளபளத்தது. அதில் என் முகமே தெரிந்தது, மூக்கில் வெள்ளையாகக் காம்பவுண்டோடு.

மணி ஒன்றரை. உட்பக்கம் அப்படியே பனி.

இனி நேரமில்லை. மகள் தகட்டை எடுத்து எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினாள். பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர்வரை நானும் அவளும் குட்டி யானையின் பின்னால், தொட்டியைப் பழைய மெத்தையில் கிடத்திப் பிடித்துக்கொண்டு போனோம். தொட்டிக்குக் கல்யாணப் பெண்ணுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை. ஒவ்வொரு வேகத்தடையிலும், "மெதுவா போங்க" என்று கத்தினேன். "இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளணும்" என்று முன்னாலிருந்து பதில் வந்தது.

கல்லூரியில் அதே தேர்வாளர், ஒரு அம்மா. குனிந்தார். தகட்டுக்குப் பின்னால் எழுத்து மூன்று வரியும் சாம்பல் பூசினதுபோல் கிடந்தது. "போன தடவையும் இதே கதைதானேம்மா?"

மகளின் காது சிவந்தது. நான் பின்னால் கழிவுநீர் பக்கெட்டோடு நின்றேன். அதை அவள் பக்கம் நகர்த்தினேன். "ஓட்டிக் காட்டறேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பழுப்புத் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் அடுக்குகளுக்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுமுனையில் அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அது ஏற ஏறத் தகட்டிலிருந்த பனி விலகியது. தண்ணீர் தொட்ட இடம்வரை தெளிவு, அதற்கு மேலே பனி. கடைசி வரி எழுத்து தெரிந்தது. நடு வரி தெரிந்தது. வெளிப்பக்கத்தில் நாங்கள் தேய்த்தது கண்ணாடியாக நின்றது. உட்பக்கத்தில் நான் போட்ட கீறல் ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேலே ஏறியது. காலையிலிருந்து எங்களை ஏமாற்றிய அதே வித்தை! நான் என்னை மறந்து, "போய்டுச்சுடி!" என்று கத்திவிட்டேன். அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

தேர்வாளர் மூன்று வரியையும் சத்தமாகப் படித்தார். பிறகு தண்ணீருக்கு மேலே மிச்சமிருந்த மங்கலைத் தொட்டு, "இது மட்டும் ஏம்மா இப்படி?" என்றார்.

"எங்கம்மா பச்சை நார் போட்டுத் தேச்சுட்டாங்க மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பக்கெட்டுக்குள் புகுந்துவிடலாமா என்றிருந்தது. "எங்கம்மா என் மூக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டு விளக்கினாங்க" என்றவர், ஏதோ எழுதி, மகளின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கிளம்பும்முன் தொட்டியைக் காலி செய்தோம். தகடு காய்ந்தது. பனி வந்தது. எனக்குப் பக்கென்றது. "மறுபடியும் வந்துடுச்சுடி!"

"வரட்டும்மா" என்றாள். தொட்டியைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, குட்டி யானையின் பின்னால் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இப்போது அவள் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போகிறாள். தொட்டி கல்லூரியில் இருக்கிறது. தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டுவந்து வாசல் ஜன்னலில் கண்ணாடிபோல் பொருத்தி வைத்திருக்கிறாள். உட்பக்கத்தைத் தேய்க்க என்னை விடுவதில்லை. மாலையில் அவள் பஸ் கொஞ்சம் தாமதமானாலும் நான் விரலை நனைத்து அதில் ஒரு கோடு இழுப்பேன். ஈரம் பட்ட இடத்தில் பனி விலகும்; கோடு காய்வதற்குள் அதன் வழியே தெருமுனையைப் பார்த்துவிட வேண்டும். சில நாள் இரண்டு கோடு, சில நாள் ஏழெட்டு; காய்ந்தாலும் விரல் தடம் மெலிதாக நிற்கும். அவள் வாசலுக்கு வந்ததும் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறாள். "இன்னிக்கு ஜாஸ்தி போலருக்கே" என்று எண்ணிக்கொண்டே செருப்பைக் கழற்றுகிறாள்.