என் புஷ் வண்டி இடப்பக்கமே இழுத்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு தை மாதம், புதுச்சேரி டவுன், பெரிய வாய்க்கால் ஓரம். அன்று காலை நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நின்றுதான் சொல்வேன்!

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கட்டை சுமந்தேன், ரம்பம் இழுத்தேன், நாற்பத்தெட்டு வயதில் சொந்த மரவாடிக்கு முதலாளியாக உட்கார்ந்தேன். யார் கையும் பிடித்து ஏறியவன் இல்லை. வாடியில் நோட்டுப் புத்தகம் கிடையாது. எந்த அடுக்கில் எந்தத் தேக்குக் கட்டை, என்ன நீளம், என்ன சுற்றளவு, எல்லாம் என் தலைக்குள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அளந்து பார்த்தால் ஒரு விரல்கடை மாறாது. படித்த இஞ்சினீயர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

வாடிக்குப் போகவும் வரவும் எனக்கென்று ஒரு புஷ் வண்டி வைத்திருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. இழுக்க மாடு இல்லை, மிதிக்கப் பெடலும் இல்லை. பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார். முன் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி மட்டும் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். நான் இடது கையால் கம்பியைப் பிடிப்பேன். வலது கையில் சுருட்டு. ராஜா மாதிரி போவேன்!

தள்ளியவர் லாஸ்பேட்டைக்காரர். பயிர் செய்கிற குடும்பம், ஏறக்குறைய என் வயது. பதினோரு வருடமாக எனக்குத்தான் தள்ளினார்.

அந்த மார்கழியிலிருந்தே வண்டி இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் சாக்கடை ஓரத்தில் உரசியது. இன்னொரு நாள் ஒரு மாட்டு வண்டியின் அச்சில் மோதியது. மூன்றாவது முறை ஒரு அம்மாளின் வாழைப்பழக் கூடை உருண்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யோவ், நேரா தள்ளத் தெரியாதா? கண்ணு எங்க இருக்கு?"

"நான் தள்றவன், மொதலாளி. திருப்பறது நீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல. உங்க பீச்சாங்கை சரியில்ல. காலையில வெத்தலைய வாங்கனீங்க, அது கீழ வுழுந்ததுகூட உங்களுக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, என் கை சரியில்லை என்கிறார்! ரம்பம் இழுத்த கையப்பா இது! நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதில் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் இரண்டு தடவை கட்டையின் நீளத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தேன். அளந்த கூலியாளைத் திட்டிச் சமாளித்தேன். வீட்டில் என் மனைவி, "காலையில கேட்டதையே திருப்பிக் கேக்கறீங்களே, இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றாள். அவளையும் திட்டினேன்.

மறுநாள் புது ஆள் தள்ளினார். பெரிய வாய்க்கால் ஓரம் திரும்பும்போது, கம்பி என் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கை எங்கே போனது? பார்க்கிறேன், மடியில் கிடக்கிறது, யாருடைய கையோ மாதிரி! வண்டி நேராக வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. கத்த வாயைத் திறந்தால் வார்த்தை குழறுகிறது. புது ஆள் பயந்து கையை விட்டுவிட்டார். முன் சக்கரம் கரையைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு இழுப்பு! எலும்பெல்லாம் குலுங்கியது. நான் விரட்டிவிட்ட அதே மனிதர்தான். வேறு சவாரிக்காக எதிர்ச்சாரியில் நின்றிருந்தவர் ஓடிவந்து, வண்டியைத் தோளோடு அணைத்து இழுத்துவிட்டார்.

"மொதலாளி, பீச்சாங்கையத் தூக்குங்க."

எழவில்லை.

"சுருட்டக் கெடாசுங்க! சோத்தாங்கையால கம்பியப் புடிங்க! நான் சொல்ற பக்கம் திருப்புங்க!"

நான் யார் சொல்லியும் திரும்பாதவன். அன்று அவர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினேன். "சோத்தாங்கை பக்கம்! நேரா! நேரா! யோவ், வழி வுடுயா!" ஊரையே விலக்கிக்கொண்டு டாக்டர் வீட்டைப் பார்த்து அவர் ஓடினார். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எந்தக் காரிலும் போனதில்லை!

வேடிக்கையைக் கேளுங்கள். டாக்டர் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் கை அசைய ஆரம்பித்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. உடனே எனக்குத் திமிரும் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா. வாடிக்கு வுடு."

அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "என்னைய மறுபடி வேலைய வுட்டுத் தூக்குங்க, பரவால்ல. படியேறாம இங்கேருந்து நவுர முடியாது."

ஏறினேன். டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்த பெரியவர், 'ஐயா' என்பதற்கு 'முசே' என்றுதான் சொல்வார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் மாறியது. மறுபடி அடித்துப் பார்த்தார்.

"ரத்தக் கொதிப்பு, முசே. ரொம்ப நாளா இருந்திருக்கு."

"நெஞ்சு தேக்கு மாதிரிங்க. ஒரு நாள் வலிச்சதில்ல."

"கட்டைய நீங்க பாத்துக்குங்க, நெஞ்ச நான் பாத்துக்கறேன். மறதி இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னவோ, அன்று பொய் வரவில்லை. கட்டைக் கணக்கு தப்பியதைச் சொன்னேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நெஞ்சு அனுப்புகிற ரத்தத்தில்தான் மூளை பிழைக்கிறதாம். கொதிப்பு வருடக்கணக்காக அடித்தால் மூளைக்குப் போகிற குழாய்கள் தடித்துப் போகுமாம், அடைக்குமாம். இன்று வந்தது திரும்பிப் போய்விட்டது, அடுத்தது போகாமல் தங்கிவிடலாம் என்றார். வயதான சிலர் பெற்ற பிள்ளையைக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அதற்கு வயது மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம் என்றார். எனக்குப் பாதி புரியவில்லை. வாசலில் நின்றிருந்த நம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"நெஞ்சுதான் ஏத்தம், மொதலாளி. தலை கடைமடை வயலு. வாய்க்கா தூந்துபோச்சுன்னா மொதல்ல காயறது கடைமடைதான்."

"அதேதான்!" என்று டாக்டர் மேஜையைத் தட்டினார்.

சாவுக்கு நான் பயந்தவனில்லை. ஆனால் என் தலை காய்ந்துபோனால் என்னிடம் என்ன இருக்கிறது? எழுதி வைத்தது ஒன்றுமில்லை. வாடியே அந்தத் தலைக்குள்தான் இருந்தது. 

சுருட்டு அன்றோடு போயிற்று. கருவாடும் ஊறுகாயும் போயின. என் மனைவி உப்பு ஜாடியை எங்கே ஒளித்தாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டேன். நாலைந்து மாதத்தில் கொதிப்பு இறங்கியது. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி கையை வீசிக்கொண்டு தெருவில் நடப்பதா? எனக்கு வெட்கமாக இருந்தது. யோசித்தேன். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, மறுபடி எனக்கே தள்ள வந்துவிட்ட நம்மாளிடம், "நீ ஏறி ஒக்காரு. நான் தள்றேன்" என்றேன்.

"ஐயய்யோ, ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். ஏறு."

ஏறினார். கடற்கரைச் சாலையில் முதலாளி தள்ள, வண்டிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்! கூட்டம் கூடிவிட்டது. சிரித்தார்கள், விசிலடித்தார்கள். அவரோ திரும்பிப் பார்த்து, "மொதலாளி, நேரா தள்ளத் தெரியாதா? கண்ணு எங்க இருக்கு?" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் வண்டியை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு பல வருடம், மழை நாள் தவிர, காலையில் நான்தான் தள்ளினேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த வருடம் வாடியில் கிடந்த கட்டைகளின் நீளத்தை இன்றும் கேளுங்கள், சொல்கிறேன். யார் கையும் பிடிக்காமல் மேலே வந்தவன் என்று இன்றும் பெருமையடிக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், அன்று வாய்க்காலுக்குள் போகாமல் என்னைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது யாருடைய கை என்று என் தலை மறக்காமல் கேட்கிறது.