பத்துக்குப் பத்து

வேடசந்தூர் நூல் மில்லில் நான் சேர்ந்தபோது, பயிற்சி என்றால் ஒரு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷின் பக்கத்தில் நிற்பதுதான். தெரியாமல் கை முன்னால் வந்துவிட்டால் போச்சு. "கையக் கட்டு தாயி! கண்ணால மட்டும் பாரு!" என்று மேஸ்திரி கத்துவார். கால் கடுக்கும். அந்த ஆளை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

இப்போது யாரும் கத்துவதில்லை. ஏசி ரூமில் உட்காரவைத்து டேப்லெட்டில் அரை மணி நேரம் வீடியோ காட்டுகிறார்கள். அது முடிந்ததும் பத்துக் கேள்வி. சரியான பதிலைத் தொட்டால் பச்சை டிக் விழும்.

என் நாத்தனாரும் அதே மில்தான். ஒரே பஸ்ஸில் போவோம், மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனத்தை மாற்றிக்கொள்வோம். அறுந்த நூலை ஒட்டும் வேலையில் இருபது வருஷம் இருந்தவளை, பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷினுக்கு மாற்றினார்கள். தேர்வில் பாஸ் ஆனால்தான் வேலை. அவளுக்கோ வீடியோ ஓடிய வேகத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை; எழுத்துக் கூட்டவும் வராது.

"மதினி, பயமா இருக்கு. வீட்டுக்குப் போகச் சொல்லிருவாகளோ?" என்றாள்.

"அடி போடி, இதுக்குப் போயி! குடு இங்க."

படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தொட்டுக் கொடுப்பது எங்களிடம் வழக்கம்தான். சூப்பர்வைசரும் கண்டுகொள்ளமாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மளமளவென்று தொட்டேன். பத்துக்குப் பத்து. அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள்.

மூன்றாம் நாள் மிஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. சுவிட்சை அணைத்தாள். அவள் பழகிய மிஷின் அணைத்ததுமே நின்றுவிடும். இதில் உள்ளே இருக்கும் முள் உருளை செத்த நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது தெரியாமல் கதவைத் திறந்து கையை விட்டுவிட்டாள்.

வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மதினி, அணைச்ச பெறகும் சுத்தும்னு அந்தக் கேள்வில இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இருந்தது. நாலாவது கேள்வி.

"இருந்துச்சுடி" என்றேன்.

கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கும் சரியாத்தான போட்டீக?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.