கோழிப் பிரட்டலில் முடிந்த பிரார்த்தனை

இன்று பண்டாரவளையில் சர்வமதப் பெண்கள் வாசிப்பு வட்டம் கூடியது. மனைவியைக் கொண்டுபோய் விட்ட அடியேன் வாசல் ஓரம் அமர்ந்தேன். உள்ளே கொதித்த ஞானத்தில் கூரைத் தகரம் மூன்று அங்குலம் உயர்ந்ததைக் கண்ணால் கண்டேன்.

தலைப்பு, அடக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லம்மாவுக்கு இன்றுதான் முதன்முதலாகப் பேசும் முறை வந்தது. ஒரு மாதமாக எழுதிப் பழகிய தாளுடன் எழுந்தாள்.

"விடியக்காலையில பெரட்டுக்குப் போவோங்க. அங்க நிக்கிறப்பதான் நான் சாமி கும்பிடுறது."

தலைவியான யாழ்ப்பாணத்து ஆசிரியை, எல்லோருக்கும் ரீச்சர், கையை உயர்த்தினார். "பிரட்டலோ? விடியவெள்ளன கோழிப் பிரட்டல் திண்டிட்டோ கும்பிடுறனீர்?"

சபை சிரித்த சிரிப்பில் பதுளை ரயில் தடம் புரண்டிருக்கும். அடியேனும் வஞ்சகமில்லாமல் சிரித்தேன்.

புடவைக் கடை பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. "ரீச்சர், பெரட்டு எண்டா தோட்டத்தில காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற இடம்."

"அப்படியே? சரி, நேரம் போயிட்டுது. செல்லம்மா, நீர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தும்."

"அவ்வளவுதாங்க" என்று செல்லம்மா தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். எங்கள் எல்லோருக்கும் ஊற்றினாள்.

"பாருங்கோ, அடக்கமெண்டால் இதுதான்" என்றார் ரீச்சர். எல்லோரும் கைதட்டினோம்.

தாளில் மீதி என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த மாதத் தலைப்பு 'செவிமடுத்தல்'. யாரைப் பேசவிடலாம், சொல்லுங்கள் மக்களே.